ஊஞ்சலுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள்

பூங்காத் துறையில் அவளுக்குப் பெயர் மெத்தையம்மா. சறுக்குமரத்தின் அடியில் மெத்தை, சீசாவின் இரண்டு முனையிலும் மெத்தை, ஓடி வந்து மோதினால் என்ன ஆவது என்று மரத்தைச் சுற்றியும் மெத்தை. ஒருமுறை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தூங்கி முன்னால் விழுந்துவிட்டால் என்று பெஞ்சுக்கு முன்னாலும் ஒரு மெத்தை வரைந்தாள். வரைபடத்தைப் பார்த்த தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இது பூங்காவா, பஞ்சுக் கடையாம்மா?" என்று கேட்டார்.

அவளைப் பயந்த சுபாவம் என்று சொல்வது சமுத்திரத்தை ஈரம் என்று சொல்வது போல. வரைபடப் பிரிவுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் அதே துறையில் விபத்துக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவள். எந்த ஊஞ்சல் எந்த வருடம் யாருடைய முழங்கையை உடைத்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அவள் தூங்கினால்தானே எழுப்புவதற்கு.

இப்படிப்பட்டவளிடம்தான் எல்லோருக்குமான விளையாட்டுத் திடலை வரையும் வேலையைக் கொடுத்தார்கள். பார்வை இல்லாதவர், காது கேளாதவர், கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாதவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், ஆறு வயசுக்காரர், அறுபது வயசுக்காரர், யார் வந்தாலும் விளையாடலாம். யோசனை சொல்ல ஒரு பயனாளர் குழு. அந்தக் குழுவில் அவளுடைய அண்ணன்.

அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது, அவளுக்கு ஐம்பத்திரண்டு. ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவர் கால்களை வாங்கிக்கொண்டு போனது. வாயை மட்டும் தொடக்கூட அதற்குத் தைரியம் வரவில்லை. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, ஊரில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று கேட்டுக் கேட்டு, இப்போது ஓய்வில் அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில். இரண்டு பேருக்கும் கல்யாணம் இல்லை. "எனக்குப் பொண்ணு கிடைக்கல. இவளுக்குப் பயம் போக நேரம் கிடைக்கல" என்பார்.

அவருக்கு முன்பல் நான்கும் செயற்கை. அதற்குக் காரணம் அவள்தான். அவருக்குப் பதினொன்று, அவளுக்கு எட்டு. பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சரிவின் உச்சியில் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி, "தள்ளு" என்றார். தள்ளினாள். நாற்காலி ரயில் வேகத்தில் போய் மதில் சுவரில் நின்றது. அவர் நிற்கவில்லை. வாய் நிறைய ரத்தத்தோடு, "இன்னொரு தடவை" என்று தான் கேட்டதாக அவர் சொல்வார். அவள் காதில் அது விழவில்லை. அவள் காதில் அன்று விழுந்தது பல் உடைகிற சத்தம் ஒன்றுதான். அது நாற்பத்துநான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

குழுவின் முதல் கூட்டத்தில் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு ஊஞ்சல் வேணும். நாற்காலியோட ஏறி ஆடுற மாதிரி. கடைசியா ஆடி நாற்பத்தாறு வருஷம் ஆச்சு. செத்தா பாடை கொஞ்சம் ஆடும்னு சொல்றாங்க, ஆனா அப்போ எனக்குத் தெரியாது பாருங்க."

குழு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வரைந்தாள், வேறு வழியில்லாமல்.

கட்டில் அளவில் ஒரு இரும்புத் தட்டு, நான்கு கம்பிகளில் தொங்கும். முன்பக்கம் சாய்வாக ஒரு பலகை. அதன் மேல் நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனதும் பலகையைத் தூக்கி நிறுத்தினால் அதுவே கதவு. இது துறையின் வெல்டர் கொண்டுவந்த மாதிரி. அதற்கு மேல் அவள் சிவப்பு மையை எடுத்தாள். பக்கச் சுவர் இன்னும் உயரட்டும், நெஞ்சு வரைக்கும். அதற்கு மேல் வலை, தலைக்கு மேலும் வலை. நாற்காலியைத் தட்டோடு கட்டும் பட்டையின் பூட்டு, உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டாமல் முதுகுக்குப் பின்னால். கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம், கீழே தரையோரம். பிரேக்கின் கைப்பிடி வெளித்தூணில், நிற்பவர் தோள் உயரத்தில். உள்ளே இருப்பவர் ஏடாகூடமாக எதையும் தொட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை.

"இது ஊஞ்சலாடி, இல்ல புலியை ஏத்திட்டுப் போற வண்டியா?" என்றார் அண்ணன், வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"பாதுகாப்புண்ணா."

"யாருக்கு? ஊருக்கா?"

அந்தத் துறையில் ஒரு பழைய விதி உண்டு. எதையும் திறப்பதற்கு முன், வரைந்தவரே முதலில் ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நடைமுறையில் அது சறுக்குமரத்தின் நுனியில் உட்கார்ந்து தேநீர்க் கோப்பையோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வதாகச் சுருங்கிப் போயிருந்தது. அண்ணன் குழுவின் தீர்மானத்தில் கூடவே ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்: யாருக்காக வரைந்தாரோ அவரைப் போலவே ஏறிப் பார்க்க வேண்டும். தலைமைப் பொறியாளர் படித்துப் பார்க்காமல் ஒப்பமிட்டார். அவர் படித்துப் பார்த்து ஒப்பமிட்டது அவருடைய கல்யாணப் பத்திரம் மட்டும்தான் என்று அலுவலகத்தில் பேச்சு, அதுவும் சந்தேகம்.

ஆக, அந்த வாரம் முழுக்க மெத்தையம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு மணியோசைப் பாதையில் நடந்தாள், காதை அடைத்துக்கொண்டு அதிர்வு மேளத்தின் மேல் கையை வைத்தாள். எல்லாவற்றிலும் ஒப்பமிட்டாள். பாக்கி, ஊஞ்சல்.

மறுநாள் காலை திறப்பு. அதற்கு முன், அன்று மாலை ஐந்து மணிக்குள் ஊஞ்சலின் தாளில் கையெழுத்து விழாவிட்டால், கிரேன் வண்டி வந்து அதைக் கழற்றிக் கிடங்குக்குக் கொண்டுபோய்விடும். கிடங்குக்குப் போன எதுவும் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அவள் மனதுக்குள் வாக்கியத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தாள்: "அளவுக்கு மீறி ஆடுகிறது, அகற்றப் பரிந்துரைக்கிறேன்."

அண்ணனுக்கு அது தெரியும். அவள் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவையில்லை.

மணி மூன்று. திடலில் வெல்டர், அண்ணன், அவள். வெல்டர் அண்ணனை அள்ளி எடுத்து, ஊஞ்சலிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளியிருந்த பெஞ்சில் உட்கார வைத்தார். அவள் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தீர்மானம் சொன்னபடி, கால்களைத் துப்பட்டாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"முடிச்சு சரியில்ல. எனக்கு இதைவிட நல்லா கட்டியிருக்கு" என்றார் அண்ணன்.

வெல்டர் நாற்காலியை உள்ளே உருட்டினார். முதுகுக்குப் பின்னால் பட்டையைப் பூட்டினார். பலகையைத் தூக்கி நிறுத்தினார். கீழே எங்கேயோ தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே அவள் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா ஒரு தள்ளு போதும். அப்புறம் நிறுத்திடுங்க" என்றாள்.

"சரி மேடம்."

அவர் ஒரு விரலால் தள்ளியிருப்பார். ஊஞ்சல் ஒரு சாண் போய் ஒரு சாண் வந்தது. அவளுக்கோ பூமி ஊர் எல்லை வரை போய் வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் லாரியின் ஹாரன். ரப்பர் தூள் மூட்டைகள் வந்திருக்கின்றன. செயற்கைக் குன்றுக்கு அந்தப் பக்கம் வாசல். "இதோ ஒரு நிமிஷம் மேடம், இறக்கி வெச்சுட்டு ஓடி வந்துடறேன்" என்று வெல்டர் குன்றைச் சுற்றி ஓடிவிட்டார். தொழிலாளிகள் சொல்கிற ஒரு நிமிஷத்தில் சில நாடுகளில் ஆட்சியே மாறியிருக்கிறது.

"அண்ணா, அவர் போயிட்டாருண்ணா."

"பார்த்தேன்."

"எனக்கு இறங்கணும்."

"இறங்கு."

பட்டையின் பூட்டைத் தேடிக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். எட்டவில்லை. எட்டக் கூடாது என்று அளந்து வைத்தவளே அவள்தான். கதவுக்கு மேலாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தொடலாமா என்று பார்த்தாள். நடுவில் வலை. தூணில் பிரேக்கின் கைப்பிடி சிவப்பாக, அழகாக, இரண்டு முழம் தள்ளி மின்னியது. நிலாவும் அப்படித்தான் மின்னுகிறது.

"வெல்டருக்குப் போன் பண்ணுங்கண்ணா. என் பை உங்ககிட்டதானே இருக்கு?"

அண்ணன் போனை எடுத்து அழைத்தார். மணி அடித்தது, மிக அருகில். ஊஞ்சல் தூணில் வெல்டர் கழற்றி மாட்டியிருந்த சட்டையின் பையில். சட்டை அதிர்ந்து அதிர்ந்து பாடி ஓய்ந்தது.

"சட்டை வேலையில இருக்கு போல, எடுக்கல" என்றார் அண்ணன்.

அப்போதுதான் குளவி வந்தது. சாதாரணக் குளவிதான். ஆனால் வலைக் கூரைக்குள் நுழைந்து அவள் மூக்குக்கு முன்னால் நின்று ரீங்கரித்தபோது அது ஒரு சேவல் அளவு இருந்தது. அவள் இரண்டு கையாலும் விசிறினாள், உடம்பை முன்னும் பின்னும் வீசினாள். ஓய்ந்துகொண்டிருந்த ஊஞ்சல் உயிர் பெற்று எழுந்தது. முந்நூறு கிலோ இரும்பு, ஒரு நாற்காலி, ஒரு மெத்தையம்மா, எல்லாம் சேர்ந்து முன்னால் போய், பின்னால் வந்து, இன்னும் முன்னால் போயின. குளவி சலித்துப்போய் வெளியேறியது. வழி தெரிந்த பிராணி.

"நிறுத்துங்கண்ணா இதை!"

"நான் எப்படிடி நிறுத்துவேன்? பிரேக் நிக்கறவங்க தோள் உயரத்துல இருக்கு. நான் நின்னு நாற்பத்தாறு வருஷம் ஆச்சு."

கத்தினாள். குன்றுக்கு அந்தப் பக்கம் லாரியின் இன்ஜின் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது.

"கத்து, பரவாயில்ல. நானும் முதல்ல கத்தினேன்" என்றார் அண்ணன், நிதானமாக. "அப்புறம் புரிஞ்சுது, இருமல்தான் அதிகமாகுதுன்னு."

"எப்போ?"

"பால் தீஞ்சுதே, அன்னைக்கு."

அவளுக்கு அந்தப் பாத்திரம் ஞாபகம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால். கடைக்குப் போய் வந்தவள், கரிக்கட்டையான பாத்திரத்தைப் பார்த்து அவரிடம் கோபித்துக்கொண்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அடுப்பை அணைக்கக்கூடவா முடியாது என்று கேட்டாள். இரண்டு நாள் தேய்த்தாள்.

"நாற்காலி தானா உருண்டுடும்னு பின் சக்கரத்துக்குப் பூட்டு வெச்சியே. முதுகுக்குப் பின்னால. பூட்டிட்டு, பூட்டினதையே மறந்து கடைக்குப் போயிட்ட. நான் கூடத்துல. அடுப்பு சமையலறையில. புகை வந்துச்சு. அடுப்பு எனக்குத் தெரியுது, திருகு தெரியுது. அரை மணி நேரம் அந்தத் திருகையே பார்த்துட்டு இருந்தேன்."

"ஏண்ணா சொல்லல?"

"சொன்னா நீ வேலையை விட்டுட்டு வீட்டுலயே உட்கார்ந்துடுவ. அதுக்குப் புகையே தேவலை."

ஊஞ்சல் போய் வந்தது. போய் வந்தது. கூடம், அடுப்பு, மேலே மேலே வருகிற புகை, கைக்கு எட்டாத பூட்டு. அந்தப் பூட்டை அவள் கையாலேயே மாட்டியிருந்தாள், பாசத்தோடு, ஸ்க்ரூ டிரைவர் வைத்து. இப்போது அவள் முதுகுக்குப் பின்னாலும் அதே பூட்டு. கண்முன் இருட்டிக்கொண்டு வந்தது. கை விரல்கள் மரத்துப்போயின.

அவள் கத்தியவரை அண்ணனுக்கு ஒன்றுமில்லை. சத்தம் நின்றதும் அவர் முகம் மாறியது.

"ஏய். பேசுடி."

பதில் இல்லை.

"மெத்தை. ஏய். திட்டவாவது செய்."

வலைக்குள் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அண்ணன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார், உடம்பை முன்னால் தள்ளினார், பொத்தென்று தரையில் விழுந்தார்.

அந்தச் சத்தம் அவளை உலுக்கி எழுப்பியது. கண்ணைத் திறந்தாள். அண்ணன் தரையில் குப்புறக் கிடந்தார். பிறகு முழங்கைகளை ஊன்றி, கால்களை இழுத்துக்கொண்டு ஊஞ்சலை நோக்கி வரத் தொடங்கினார்.

"வராதீங்க. அண்ணா, அங்கேயே இருங்க."

"பேச்சு வந்துடுச்சா? நல்லது. வந்துட்டே இருக்கேன்."

"ஊஞ்சல் ஆடுதுண்ணா!"

"அதுக்குத்தான் ஊஞ்சல்னு பேரு."

பன்னிரண்டு வருடக் கோப்புகள் அவள் தலைக்குள் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. தட்டின் அடிப்பக்க விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரம். தரையில் தவழ்ந்து வருகிறவரின் நெற்றியும் ஒரு சாண் உயரம். முந்நூறு கிலோ. அன்று மதில் சுவர் சும்மாதான் நின்றது, அவர் போய் மோதினார். இன்று சுவர் தானாகவே அவரைத் தேடி வருகிறது, அவளை உள்ளே உட்காரவைத்துக்கொண்டு. பல் உடைகிற சத்தம் அவள் காதில் முன்கூட்டியே கேட்டது.

அவர் தாழ்ப்பாளுக்காக வருகிறார். அது தரையோரம் இருக்கிறது. அந்த ஒன்றுதான் அவர் கைக்கு எட்டும்.

நிறுத்த வேண்டும். உள்ளே கயிறு இல்லை, பிடி இல்லை, மிதி இல்லை. தொட எதுவுமே வைக்கவில்லை. இருப்பது அவள் உடம்பு ஒன்றுதான். குளவியை விரட்டியபோது உடம்பை வீசினாள், ஊஞ்சல் ஏறியது. அப்படியானால் எதிர்ப்பக்கம் வீசினால்? ஊஞ்சல் முன்னால் போகும்போது பின்னால் சாய்ந்தாள். தவறு, இன்னும் ஏறியது. அண்ணன் இரண்டு கை தூரத்தில்.

"அண்ணா, தலையைக் குனிங்க!"

தட்டு அவர் தலைமுடியைச் சீவிக்கொண்டு போனது. அவர் அப்படியே தரையோடு ஒட்டிக்கொண்டார். முதல் தடவையாக அவர் வாயிலிருந்து நகைச்சுவை எதுவும் வரவில்லை.

அவள் மாற்றிச் சாய்ந்தாள். முன்னால் போகும்போது முன்னால், பின்னால் வரும்போது பின்னால். மறுபடி. ஊஞ்சல் முனகியது, ஒரு பிடி அளவு குறைந்தது. மறுபடி. பற்களைக் கடித்துக்கொண்டு, கைகளால் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஒரு பெண் முந்நூறு கிலோ இரும்போடு குஸ்தி போட்டாள். ஐந்து சாய்வு. ஆறு. ஏழு. தட்டின் விளிம்பு கடைசியாக ஒருமுறை வந்து, அண்ணனின் நெற்றிக்கு நான்கு விரல் முன்னால், நின்றது.



"உன் மெத்தை நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன், ரப்பர் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு. "முழங்கை உரியவே இல்ல."

பக்கவாட்டில் உருண்டு விலகி, கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தள்ளினார். கதவு சாய்ந்து திறந்தது. பட்டையின் பூட்டு அப்படியே இருந்ததால் அவளால் இறங்க முடியவில்லை, அவரால் ஏற முடியவில்லை. குன்றைச் சுற்றி வந்த வெல்டர் பார்த்தது இதைத்தான்: ஐயா தரையில் படுத்திருக்கிறார், மேடம் கூண்டுக்குள் அழுகிறார், இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மேடம், ஒரு நிமிஷம்னுதானே சொன்னேன்" என்றார் பாவம்.

மணி மூன்றரை. இறங்கியதும் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சிவப்பு மை கேட்டாள். எழுதிய அவசரத்தில் கோடுகள் எல்லாம் கடலலை மாதிரி வந்தன. வெல்டர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். கூரை வலை வேண்டாம், வெட்டுங்கள். சுவர் இடுப்பளவு போதும். பட்டையின் பூட்டு மடிக்கு முன்னால். பிரேக்கின் கம்பியை உள்ளே கொண்டுவாருங்கள், உட்கார்ந்திருப்பவர் வலது கைக்கு. தாழ்ப்பாளும் உள்ளே. பிரேக் போட்டால்தான் தாழ் திறக்க வேண்டும்.

"அஞ்சு மணிக்குள்ளயா?"

"நாலே முக்காலுக்குள்ள. ஏறிப் பார்க்கணும்."

வெல்டர் அன்று வேலை செய்த வேகத்தில் தீப்பொறி பக்கத்து ஊரில் போய் விழுந்திருக்கும். நாலே முக்காலுக்கு அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, காலைக் கட்டிக்கொண்டு, உள்ளே போனாள். ஆடினாள். பிரேக்கைப் பிடித்தாள், நின்றது. பூட்டை அவிழ்த்தாள், தாழைத் திறந்தாள். மூன்று தடவை செய்து பார்த்தாள். பயம் ஒரு சாண்கூடக் குறையவில்லை. கையெழுத்துப் போட்டாள். அது அவள் கையெழுத்து மாதிரியே இல்லை, ஆனால் தாளில் இருந்தது. வந்த கிரேன்காரர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வெறும் வண்டியைத் திருப்பினார்.

அண்ணன் தன் நாற்காலிக்குத் திரும்பி, உள்ளே உருண்டு போனார். தானே பட்டையைப் பூட்டினார், தானே கதவைத் தூக்கினார், தானே தாழைப் போட்டார். பிறகு வாய்க்குள் கையை விட்டு முன்பல் செட்டைக் கழற்றி, சுவருக்கு மேலாக அவளிடம் நீட்டினார்.

"இதைப் பிடி. ஒவ்வொரு தடவையும் பல்லை உடைச்சு உனக்கு வேலை வெக்க முடியாது."

"அவ்வளவு வேகமாவா ஆடப் போறீங்க?"

"தள்ளு" என்றார், பல் இல்லாத வாயால்.

அவள் தள்ளினாள்.

அவர் உடம்பை வீசத் தெரிந்தவராக இருந்தார். நாற்பத்தாறு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தவர். இரண்டாவது ஆட்டத்தில் தூண் முனகியது. நான்காவதில் வெல்டர் இரண்டடி பின்வாங்கினார். ஆறாவதில் அவர் சக்கரங்கள் அவள் தலைக்கு மேலே போயின. அவள் வெளித்தூணைப் பார்த்தாள். அங்கே கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒன்றுமில்லை, அண்ணனின் பல்லைத் தவிர.

"போதும்ணா" என்றாள். காற்றில் அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

அவர் வலது கை பிரேக்கின் மேல் இருந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணை மூடாமல். கை அசையவில்லை. அவர் இன்னும் ஒரு வீச்சு வீசினார்.